அறுபத்து நாலு மில்லிமீட்டர்

மூக்குக்கண்ணாடி போட்டவர் யார் கடைக்குள் வந்தாலும், அவர் வாயைத் திறப்பதற்குள் லென்ஸக்கா கையை நீட்டிவிடுவாள். "குடுங்க, தொடச்சுத் தரேன். ஒரே அழுக்கா இருக்கு." தன் கண்ணாடி அழுக்கு என்று கேட்டால் யாருக்குத்தான் கூச்சமாக இருக்காது? உடனே கழற்றிக் கொடுத்துவிடுவார்கள். அவள் மெல்லிய துணியை எடுத்து இந்தப் பக்கம் பத்துத் தடவை, அந்தப் பக்கம் பத்துத் தடவை தேய்த்துக்கொண்டே, என்ன வேண்டும், எப்போது வேண்டும், டாக்டர் சீட்டு இருக்கிறதா என்று எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிடுவாள். வந்தவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எதிரே இருந்த மங்கலோடு பேசிவிட்டுப் போவார். என்ன அக்கறை, என்ன சுத்தம் என்று வெளியே போய்ப் புகழ்ந்தவர்களும் உண்டு. அக்கறையாவது மண்ணாங்கட்டியாவது. அவர்கள் அவள் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது, அவ்வளவுதான் விஷயம்.

லென்ஸக்காவின் இடது நெற்றியில் தொடங்கி, இடது கண்ணைச் சுற்றிக்கொண்டு, கன்னம் முழுக்கப் பரவி, தாடை விளிம்பு வரைக்கும் ஒரு மறு. பீட்ரூட் நறுக்கிய கையால் யாரோ தடவிவிட்டது போன்ற நிறம். பிறந்த அன்றைக்கே இருந்தது. முப்பத்தாறு வயதாகியும் அவள் அதற்குப் பழகவில்லை. ஊரில் இருப்பவர்கள் பழகுவார்களா என்று சோதித்துப் பார்க்க அவர்களுக்கு வாய்ப்பும் கொடுக்கவில்லை.

கடை அண்ணனுடையது. அண்ணன் முன்னால், தங்கை பின்னறையில். அண்ணன் சிரித்துப் பேசி, அளவெடுத்து, ஃபிரேம் மாட்டி அனுப்புவார். அவள் பின்னறையில் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, வட்ட லென்ஸை ஃபிரேமுக்கேற்ற வடிவத்தில் சீவுவாள். கை அப்படியொரு சுத்தம். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அண்ணன் சாப்பிடப் போகும் அரை மணி நேரம் மட்டும் முன்னால் வந்து, துணியும் கையுமாக நிற்பாள். பதினாலு வருஷமாக இந்த ஏற்பாடு ஒரு குறையுமில்லாமல் ஓடியது. அப்புறம் அண்ணன் ஏணியின் மேல்படியில் நின்றுகொண்டு பல்பு மாட்டினார். கணுக்காலில் இரண்டு முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு.

"நீயே முன்னாடி உக்காரு" என்றார் கட்டிலில் படுத்தபடி. அண்ணி பக்கத்திலிருந்து, "ஆமா, பின்னறை மகாராணி கொஞ்சம் தரிசனம் குடுக்கட்டும்" என்றாள். சிரிப்பதற்காகச் சொன்னது. லென்ஸக்காவுக்குப் பயம்தான் வந்தது.

அந்தப் பயத்தில்தான் நீல அட்டைப் புத்தகம் ஞாபகம் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் தோல் டாக்டரிடம் போனபோது அங்கிருந்த நர்ஸ் கையில் திணித்தது. முகத்தில் வித்தியாசம் உள்ளவர்கள் கூச்சமில்லாமல் நாலு பேரோடு பழகத் தாங்களே செய்துகொள்ளும் பயிற்சி என்று அட்டையில் போட்டிருந்தது. நாமே செய்துகொள்வதென்றால் டாக்டர் எதற்கு என்று எரிச்சல்பட்டு, அதை இரண்டாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த இயந்திரத்தின் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தாள். இயந்திரம் ஆடவில்லை, லென்ஸ் பிசகவில்லை. அந்த வகையில் புத்தகம் அதுவரைக்கும் உதவிதான் செய்துகொண்டிருந்தது. இப்போது அதை உருவி எடுத்து, அந்த இடத்தில் ஒரு அட்டைத் துண்டைச் செருகிவிட்டு, படிக்க உட்கார்ந்தாள்.

புத்தகம் ஒன்றும் பெரிய வித்தை காட்டவில்லை. ஒரு நோட்டில் என்ன நடக்கும் என்று பயப்படுகிறாய் என்பதை எழுது. அது நடக்கும் என்பது நூற்றுக்கு எத்தனை நிச்சயம் என்று போடு. பிறகு போய் அதைச் செய். என்ன நடந்தது என்று பக்கத்திலேயே எழுது. போகும்போது உன் முகத்தையே நினைத்துக்கொண்டிருக்காதே, எதிரே இருப்பவரைப் பார். யாராவது கேட்டால் சொல்ல ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொள். முகத்தை மறைக்க நீ செய்கிற தந்திரங்களைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றாக விடு.

"சொல்றது ஈசி" என்று புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அவள் முதல் பயிற்சியை எழுதினாள். தலைமுடியைப் பின்னால் கட்டிக்கொண்டு கடை வாசலில் பத்து நிமிஷம் நிற்பது. எல்லாரும் பார்ப்பார்கள், ஒருத்தராவது ஏதாவது சொல்வார்கள். தொண்ணூற்றைந்து.

நின்றாள். நாற்பத்தொரு பேர் கடந்து போனார்கள். மூன்று பேர் பார்த்தார்கள். ஒருத்தர் மணி என்ன என்று கேட்டார். ஒருத்தர் அவள் தலைக்குப் பின்னால் தொங்கிய சிவப்பு ஃபிரேமைப் பார்த்தார். மூன்றாவது, அப்பா தோளில் சாய்ந்திருந்த ஒரு கைக்குழந்தை. அது மட்டும் தெருமுனை திரும்பும் வரை கண்ணெடுக்காமல் பார்த்தது. மற்றவர்கள் தங்கள் செல்போனையும் தங்கள் கவலையையும் பார்த்துக்கொண்டு போனார்கள். லென்ஸக்காவுக்கு நிம்மதியாக இருந்தது. சொல்லப்போனால் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. இத்தனை வருஷம் இவர்களுக்காகவா பயந்தோம்?

ஆனால் தெருவில் போகிறவர் வேறு, எதிரே உட்கார்ந்து பேசுகிறவர் வேறு. தந்திரங்களின் பட்டியலில் ஆறு எழுதினாள். கன்னத்தில் விழும் முடி, கன்னத்தில் ஊன்றிய கை, தூணுக்குப் பின்னால் போட்ட ஸ்டூல், சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்த நிலைக்கண்ணாடி, ரசீதைப் பார்த்தே பேசுவது, ஒரு பக்கமாகத் திரும்பி உட்காருவது. ஏழாவதை எழுதவில்லை. கண்ணாடியை வாங்கித் துடைப்பது தன் தொழில் சுத்தம் என்றே அவள் நம்பிக்கொண்டிருந்தாள். ஆறில் எதையும் கடைக்குள் இருக்கும்போது கைவிடவுமில்லை.

மூன்றாவது வாரம் இழைக்காரம்மா வந்தார்.

கிழிந்த துணியில் கிழிசலே தெரியாமல் இழைக்கு இழை கோத்துத் தைப்பவர். ஐம்பத்தைந்து வயது. மகன் பஸ் ஓட்டுகிறவன், அவன்தான் கையைப் பிடித்து அழைத்து வந்தான். அந்த அம்மாவுக்குப் பிறந்ததிலிருந்தே கிட்டப்பார்வை, டாக்டர் சீட்டில் மைனஸ் பன்னிரண்டு பவர். மூக்குக்கு முன்னால் மூன்று விரல் தூரத்தில் இருப்பதெல்லாம் துல்லியமாகத் தெரியும், அதற்கு அப்பால் எல்லாம் கஞ்சி. துணியை முகத்தோடு ஒட்டி வைத்துத் தைத்தே காலம் ஓடிவிட்டது.

"தூரம்னா எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும்னு நெனச்சேன்" என்றார் சாதாரணமாக. "யாரும் வேற மாதிரி சொல்லலையே."

"போன மாசம் என் பஸ்ஸுக்கு முன்னாடியே வந்து நின்னாங்க" என்றான் மகன். அவன் குரல் மட்டும் சாதாரணமாக இல்லை. "பஸ்ஸே தெரியலையாம். நான் ஓட்டுனதால பிரேக் போட்டேன், தூரத்துலயே நடையப் பாத்துக் கண்டுபிடிச்சிட்டேன். அடுத்த தடவை யார் ஓட்டுவாங்களோ."

அளவெடுக்க வேண்டும். ஒரு கருவிழிக்கும் அடுத்த கருவிழிக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்ற அளவு. லென்ஸின் நடுப்புள்ளி அந்தக் கருவிழிக்கு நேரே வந்து நிற்க வேண்டும். பவர் குறைவானால் கொஞ்சம் தள்ளிப்போனாலும் கண் பொறுத்துக்கொள்ளும், பன்னிரண்டு பொறுக்காது. அளக்கிறவர் ஒரு கை தூரத்தில் முகத்துக்கு முகம் நேராக உட்கார்ந்து, "என் இடது கண்ணைப் பாருங்க" என்று சொல்லி ஸ்கேலின் பூஜ்யத்தை வைத்து, "இப்ப வலது கண்ணைப் பாருங்க" என்று சொல்லி எண்ணைப் படிக்க வேண்டும். பழைய வாடிக்கையாளர்களின் அளவெல்லாம் அண்ணன் கையெழுத்தில் அட்டையில் இருந்ததால், இத்தனை நாள் அவளுக்கு இந்த வேலை வரவில்லை.

வந்ததும் அவள் என்ன செய்தாள்? முடியை இடது பக்கம் சரியவிட்டு, ஒரு பக்கமாகத் திரும்பி, தெரிந்த வலது கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அவசரமாக ஸ்கேலை நீட்டினாள். ஐம்பத்தெட்டு. எழுதிக்கொண்டாள். பின்னறைக்குப் போய் ஐம்பத்தெட்டுக்கு இம்மி பிசகாமல் லென்ஸைச் சீவினாள். மகன் தனியாக வந்தபோது, போட்டுப் பார்க்கக்கூடச் சொல்லாமல் டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்பினாள். அப்பாடா என்றிருந்தது.

நாலாம் நாள் இழைக்காரம்மா டப்பாவை மேஜைமேல் வைத்தார்.

"எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது. தரை சாயுது. பஸ் ஸ்டாப்புல வாந்தியே எடுத்துட்டேன், உடனே கழட்டி வச்சிட்டேன். மகன் ரெண்டு பேரா வரான், எனக்கு ஒருத்தனைச் சமாளிக்கறதே பெரும்பாடு." சிரித்தார். பிறகு, "இந்தக் கண்ணுக்கு இது ஒத்து வராதும்மா. இத்தனை வருஷம் இல்லாமத்தானே இருந்தேன். விட்டுடலாம்" என்றார்.

மகன் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

லென்ஸக்கா கண்ணாடியை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய் அளந்தாள். ஐம்பத்தெட்டு, சுத்தமாக ஐம்பத்தெட்டு. இயந்திரம் பொய் சொல்லவில்லை, கை பொய் சொல்லவில்லை. அப்படியானால் எது? ஸ்கேலைக் கையில் எடுத்தாள், அன்றைக்கு உட்கார்ந்த மாதிரியே திரும்பி உட்கார்ந்தாள், முடி தானாகவே கன்னத்தில் விழுந்தது. ஒற்றைக் கண்ணால், பக்கவாட்டில் இருந்து அளந்திருக்கிறாள். அதுவும் யாரிடம்? மூன்று விரலுக்கு அப்பால் எதுவுமே தெரியாத ஒரு மனுஷியிடமிருந்து முகத்தை ஒளித்திருக்கிறாள். குருட்டுத்தனம் யாருடையது என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

துடைக்கும் துணி மேஜையில் கிடந்தது. அதையும் அப்போதுதான் புரிந்துகொண்டாள். நோட்டை எடுத்துப் பட்டியலில் ஏழு என்று போட்டு எழுதினாள்.

வெளியே வந்து, "தப்பு உங்க கண்ணுல இல்ல. நான்தான் சரியா அளக்கல" என்றாள். வாய்க்குள் இன்னொரு வாக்கியமும் தயாராக இருந்தது, அண்ணன் வந்ததும் அளக்கச் சொல்கிறேன் என்று. "இன்னும் ரெண்டு வாரத்துல..." என்று தொடங்கினாள்.

"இன்னிக்குப் போனா இவங்க திரும்ப வர மாட்டாங்க" என்றான் மகன் மெதுவாக. "எனக்குத் தெரியும்."

லென்ஸக்கா உள்ளே திரும்பினாள். நோட்டில் எழுதினாள்: தெளிவாகப் பார்த்ததும் அந்த அம்மா முகத்தைச் சுளிப்பார். தொண்ணூறு. லென்ஸ் பொட்டலம் கட்டும் ரப்பர் பேண்டு ஒன்றை எடுத்து, முடியை மொத்தமாக வாரிப் பின்னால் இறுக்கினாள். ஸ்டூலைத் தூணுக்குப் பின்னாலிருந்து இழுத்துப் போட்டு, இழைக்காரம்மாவுக்கு நேர் எதிரே, முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்தாள். மகன் அவளைப் பார்த்தான். ஒரு கணம் பார்வை நின்றது, பிறகு நகர்ந்தது. அவள் அதைத் தாங்கிக்கொண்டாள்.

"என் இடது கண்ணைப் பாருங்க."

"கண்ணு எங்கம்மா தெரியுது?" என்றார் இழைக்காரம்மா. பிறகு தலையைச் சாய்த்தார். "அட. உனக்கு ரெண்டு பக்கம் இருக்கே. ஒரு பக்கம் வெளிச்சமா, ஒரு பக்கம் கருப்பா. அன்னிக்கு ஒரு பக்கம்தானே வந்துச்சு?"

புத்தகம் தயாராக வைக்கச் சொன்ன பதில் அவளிடம் இருந்தது. சொன்னாள். "அது பிறந்ததுலேருந்தே இருக்கற மறு. வலிக்காது."

"அதைக் கேக்கலம்மா. எனக்கு எல்லார் மூஞ்சியும் ஒரே மாவு உருண்டை. உன்னுதுல மட்டும்தான் எது இந்தப் பக்கம் எது அந்தப் பக்கம்னு தெரியுது. இப்ப எங்க பாக்கணும்?"

லென்ஸக்கா முப்பத்தாறு வருஷத்தில் யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். "கருப்புக்கு நட்ட நடுவுல பாருங்க."

அந்தக் கண்கள் வந்து அங்கே நின்றன. அசையவே இல்லை. பூஜ்யத்தை வைத்தாள். "இப்ப வெளிச்சத்துக்கு நடுவுல." அவை சொன்னபடி நகர்ந்தன. எண்ணைப் படித்தாள். மறுபடி அளந்தாள். மூன்றாம் முறையும் அளந்தாள். அறுபத்து நாலு.

புது லென்ஸ் வரவழைத்து, சீவி, மாட்டி முடிக்க ஒரு வாரம் ஆனது. இந்த முறை அவள் டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்பவில்லை. "அம்மாவைக் கூட்டிட்டு வாங்க. என் எதிர்லதான் போடணும்" என்று மகனுக்குச் சொல்லி அனுப்பினாள். வந்ததும் எதிரே உட்கார்ந்தாள். முடி பின்னால் இருந்தது. காதில் மாட்டி, மூக்கில் அழுத்தி, கையை எடுத்தாள்.

இழைக்காரம்மா நிமிர்ந்தார்.

பார்த்தார். வெறித்து, வாயைப் பிளந்து, இமைக்காமல் பார்த்தார். லென்ஸக்கா பயந்து ஒளிந்த பார்வை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. எதிரே இருப்பவரைப் பார் என்று புத்தகம் சொன்னது ஞாபகம் வந்தது. பார்த்தாள். பழுப்புக் கண்கள், அதில் தண்ணீர் கோத்திருந்தது. புருவத்தில் ஒரு நரை. சுளிப்பு எங்கேயும் இல்லை.

"ஏதாவது பேசேன்" என்றார் இழைக்காரம்மா.

"என்ன பேசறது?"

"அதேதான். நீ பேசறப்ப மூஞ்சி அசையுது." அவர் தன் வாயைத் தொட்டுக் காட்டினார். "இங்க அசையுது, புருவத்துல அசையுது, அந்தக் கருப்பு முழுக்கச் சேர்ந்து அசையுது. போட்டோவைக் கண்ணுகிட்ட வச்சுப் பாத்திருக்கேன். அதுல மூஞ்சி சும்மாதானே இருக்கும். பேசறப்ப இவ்வளவு நடக்குதா? எல்லாருக்கும் இப்படியா?"

"எல்லாருக்கும்தான்" என்றாள் லென்ஸக்கா. அதை இத்தனை நாள் தானும் கவனிக்கவில்லை என்பது அவளுக்கு அப்போது உறைத்தது. மனிதர்களின் முகத்தை அவளும் எங்கே பார்த்தாள்? அவர்கள் தன்னைப் பார்க்கிறார்களா என்று மட்டும்தானே பார்த்தாள்.

இழைக்காரம்மா மகன் பக்கம் திரும்பினார். "ஏன்டா, உனக்கு எப்ப நரைச்சுது?"

"ரெண்டு வருஷமாச்சும்மா."

"சொல்லவே இல்ல." அவனையும் அதே மாதிரி வெறித்துப் பார்த்தார். அப்புறம் மின்விசிறியை, அதன் இறக்கையில் படிந்த தூசியை, சுவரில் ஓடிய விரிசலை, கதவுக்கு வெளியே போன ஒவ்வொருத்தரையும். வாசலில் நின்ற ஒருத்தர் சங்கடப்பட்டுச் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டார். "அம்மா, அப்படி உத்துப் பாக்காத" என்றான் மகன் தாழ்ந்த குரலில்.

"பாக்காமயா? அம்பத்தஞ்சு வருஷம் பாக்காமதான் இருந்தேன். எல்லாம் கொஞ்சம் சின்னதாத் தெரியுது, ஆனா எத்தனை இருக்கு." கன்னத்தில் வழிந்ததை அவர் துடைக்கவுமில்லை. "ஏம்மா, முகம் பாக்கற கண்ணாடி இருக்கா?"

நிலைக்கண்ணாடி சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தது. லென்ஸக்கா எழுந்து போய் அதைத் திருப்பினாள். பின்பக்கம் ஒட்டடை பிடித்திருந்தது. முன்பக்கத்தைத் துடைத்து, இழைக்காரம்மாவின் எதிரே நிறுத்திவிட்டு, பக்கத்தில் வந்து குனிந்தாள். கண்ணாடிக்குள் இரண்டு முகம் வந்தது.

இழைக்காரம்மா முன்னால் சாய்ந்து பார்த்தார். விரலை நீட்டி மறுவுள்ள முகத்தைக் காட்டினார். "இது நீ. பாத்ததுமே தெரிஞ்சுடுச்சு." விரல் நகர்ந்தது. "உன் பக்கத்துல இருக்கற வயசான அம்மா யாரு?"

மகன் கையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

வீட்டுக் கண்ணாடியிலும் அந்த அம்மாவுக்கு மாவு உருண்டைதான் தெரிந்திருக்கும். கல்யாணப் போட்டோ ஒன்று அவர் வீட்டில் இருந்திருக்க வேண்டும். கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்த்து, அதில் இருந்த பெண்தான் தான் என்று முப்பது வருஷமாக நினைத்திருக்க வேண்டும். லென்ஸக்காவுக்கு இதெல்லாம் யாரும் சொல்லாமலே விளங்கியது. ஒரு முகத்தை முதன்முதலாகப் பார்க்கிறவரிடம் எப்படிச் சொல்வது? தன் முகத்தைப் பார்க்கிறவர்கள் எப்படி நடந்துகொண்டால் நன்றாக இருக்கும் என்று அவளைவிட நன்றாக யோசித்தவர்கள் யாரும் இருக்க முடியாது. அவள் இழைக்காரம்மாவின் தோளில் கை வைத்தாள். கண்ணாடிக்குள்ளும் அந்தக் கை வந்து அதே தோளில் அமர்ந்தது.

"அது நீங்கதாம்மா."

இழைக்காரம்மா மூக்கைத் தொட்டுப் பார்த்தார். கண்ணாடியில் இருந்தவரும் தொட்டார். கன்னத்துச் சுருக்கத்தை ஒவ்வொன்றாக, துணியில் இழை எண்ணுவது போல விரலால் தடவினார். ரொம்ப நேரம் ஆயிற்று. அவசரப்படுத்த யாருக்கும் மனம் வரவில்லை. லென்ஸக்காவும் குனிந்தபடியே நின்றாள். தன் முகத்தையும் பார்த்தாள், பத்துப் பதினைந்து வருஷத்தில் இவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை. முதுகு வலித்தது, ஆனாலும் நகரவில்லை.

"இவளோடயா எல்லாரும் இத்தனை நாள் பேசிட்டு இருந்தீங்க" என்றார் இழைக்காரம்மா கடைசியில், ரொம்ப மெதுவாக.

"ஆமாம்மா" என்றான் மகன்.

"யாரும் ஒண்ணும் சொல்லலையே."

"சொல்றதுக்கு என்ன இருக்கு" என்றாள் லென்ஸக்கா. சொன்ன பிறகுதான், அந்த வார்த்தை யாருக்குச் சொன்னதென்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

கிளம்பும்போது மகன் கையை நீட்டினான். இழைக்காரம்மா அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. வாசற்படியைப் பார்த்து, காலைத் தூக்கி வைத்து, தானாகவே இறங்கினார். சாலையோரம் நின்று வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார். ஒரு பஸ் வந்தது. அது கடந்து போகும் வரை காத்திருந்துவிட்டு, பிறகு குறுக்கே நடந்தார். லென்ஸக்கா வாசலிலேயே நின்று, அவர் எதிர்ப்பக்கம் ஏறும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே வந்து நோட்டைத் திறந்தாள். என்ன நடந்தது என்று எழுத இரண்டு விரல் அகலத்துக்குத்தான் இடம் இருந்தது. பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். முடிவில் 64 என்று மட்டும் எழுதினாள்.

கதவு திறந்தது. தடித்த ஃபிரேம் போட்ட ஒரு பெரியவர் கையில் சீட்டோடு வந்து நின்றார். பதினாலு வருஷப் பழக்கம் சும்மா விடுமா? அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் கை நீண்டுவிட்டது. பெரியவரும் பழகிய மனுஷர் போல, கண்ணாடியைக் கழற்றக் கையை உயர்த்தினார்.

"வேண்டாம் சார்" என்றாள் லென்ஸக்கா. "போட்டுக்கிட்டே சொல்லுங்க."